மாதத் தவணை அதேதான், டீச்சர்!



2025-ஆம் ஆண்டின் இறுதியில் நான் செய்யவிருந்த ஒரு தவற்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஒருத்தி, தன் சொந்தக் கணக்கில் எப்படிக் கோட்டை விட இருந்தாள் என்பதை வெளியில் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், நம்மில் பலர் இதே படியில் நிற்கிறோம் என்பதால் சொல்லிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

2023 மே மாதம் நானும் என் கணவரும் ஒரு மின் மகிழுந்து வாங்கினோம். விலை ஏறக்குறைய ஒரு லட்சம் ரிங்கிட். முன்பணம் 10,000 ரிங்கிட். மீதி 90,000 ரிங்கிட்டை ஒன்பது ஆண்டு வாடகைக் கொள்முதலில் எடுத்தோம். ஆண்டுக்கு 2.5 விழுக்காடு நிலையான வட்டி. மாதத் தவணை 1,020 ரிங்கிட் 83 சென்.

'வாடகைக் கொள்முதல்' என்ற சொல்லை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். ஆனால், அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை வண்டி நம்முடையதன்று. அதற்குப் பணம் கொடுத்தவரே உரிமையாளர். நாம் வாடகைக்கு எடுத்திருப்பவர்கள். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து 'என் வண்டி' என்று பெருமைப்பட்டுக் கொள்கிறோம். உண்மையில் அது ஒன்பது ஆண்டு இரவல்!

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிள்ளானிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கோல லங்காட் வட்டாரத்திலுள்ள பள்ளிக்கு நாள்தோறும் போய்வர அது தாராளம். இரவில் வீட்டில் மின்னேற்றிவிட்டால் காலையில் கவலையில்லை. நெடுந்தொலைவுக்குத்தான் சற்றுக் குறைவு. விளம்பரத் தாளில் கண்ட தொலைவு நெடுஞ்சாலையில் கிடைப்பதில்லை. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. மின்கலமும் விரைவாகக் கரைகிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டினால் என் வண்டி ஏறக்குறைய 260 கிலோமீட்டர்தான் ஓடும். என் அம்மா இருக்கும் தைப்பிங் நகரமோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவு. வழியில் ஓரிடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும்.

இனி, அந்த இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. இரவு ஒன்பது மணிக்குத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, அம்மாவுக்கு ஒரு பக்கம் கை தூக்க முடியல. மருத்துவமனைக்குக் கொண்டு வந்துட்டோம்" என்றான். கையில் கிடைத்த துணியை எடுத்துக்கொண்டு நானும் கணவரும் கிளம்பினோம். வண்டியின் திரையைப் பார்த்தேன். 38 விழுக்காடு. மிஞ்சிப் போனால் நூறு கிலோமீட்டர்!

வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே மின்னேற்று நிலையம் தேடி நிறுத்த வேண்டியதாயிற்று. எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். காத்திருந்தோம். பிறகு மின்னேற்றினோம். 80 விழுக்காட்டைத் தாண்டியதும் மின்னேற்றத்தின் வேகம் தானே குறைந்துவிடும். ஆகவே, அத்தோடு கிளம்பினோம். ஈப்போ அருகே மறுபடியும் ஒரு நிறுத்தம். தைப்பிங் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை மூன்று மணி.

அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். இலேசான பக்கவாதம், காலத்தோடு கொண்டு வந்துவிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னதாகத் தம்பி கூறினான். "பாப்பா வந்துட்டாளான்னு பன்னிரண்டு மணி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றான். அப்புறம் சற்று நேரம் பொறுத்து, "ஏன் அக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டான். அவன் குறையாகக் கேட்கவில்லை. ஆனால், அந்தக் கேள்வி எனக்குள் தைத்துவிட்டது.

இந்த வண்டியை மாற்றியே தீர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அம்மா மெல்ல மெல்லத் தேறினார். தீபாவளிக்குள் கைத்தடியின் துணையோடு நடக்கத் தொடங்கிவிட்டார். என் மனத்தில் மட்டும் அந்த 38 விழுக்காடு அப்படியே நின்றது.

நவம்பர் மாதக் கடைசியில் ஒரு காட்சிக்கூடத்திற்குப் போனோம். "வணக்கம், டீச்சர்!" என்று ஓடி வந்தார் ஓர் இளைஞர். என் பழைய மாணவர்! 2011-இல் ஆறாம் ஆண்டில் அவருக்குக் கணிதம் கற்பித்தவள் நான்தான். நல்ல பிள்ளை, வகுப்பில் பெருக்கல் வாய்பாட்டில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கணவரிடம் பெருமையாக அறிமுகப்படுத்தினேன்.

புதிய மாதிரியைக் காட்டினார். பெரிய மின்கலம், நெடுஞ்சாலையிலேயே ஏறக்குறைய 380 கிலோமீட்டர் ஓடுமாம். நிற்காமல் தைப்பிங் போய்விடலாம்! விலை 100,000 ரிங்கிட். அதில் 10,000 ரிங்கிட் கழிவு; அதையே முன்பணமாகக் கணக்கிட்டுக் கொள்ளலாம். கடன் 90,000, ஒன்பது ஆண்டு, அதே வட்டி.

"மாதத் தவணை அதேதான், டீச்சர்! வண்டி மட்டும்தான் புதுசு" என்றார்.

கேட்கத் தேன் போல இருந்தது. பழைய வண்டியை 48,000 ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொள்வார்களாம். வங்கிக் கடனைத் தீர்க்க ஏறத்தாழ 21,000 ரிங்கிட் பற்றாக்குறை வரும். அதற்கும் வழி சொன்னார்: அரசு ஊழியருக்குத் தனிநபர் கடன் எளிதில் கிடைக்கும், ஏழாண்டுக்கு மாதம் 320 ரிங்கிட் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், கைக்காசு ஒன்றும் வேண்டாம். "இறக்குமதி மின் வண்டிக்கு வரிவிலக்கு டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடியுது, டீச்சர். அதுக்கப்புறம் இந்த விலை கிடைக்குமான்னு சொல்ல முடியாது" என்றும் சொன்னார். அதுவும் பொய்யன்று. 2022-இல் தொடங்கிய அந்த வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-ஆம் நாளுடன் முடிவதாகத்தான் இருந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் வண்டிகளுக்கு மட்டுமே 2027 இறுதிவரை உண்டு.

ஒரு வாரத்தில் வந்து கையொப்பமிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தோம். கணவர் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நீ கணக்கு டீச்சர். நீயே ஒரு தடவை போட்டுப் பாத்துடு" என்று மட்டும் சொன்னார்.

போட்டுப் பார்த்தேன். முதலில், வங்கியிடமிருந்து கடன் தீர்வுத் தொகையை எழுத்தில் பெற்றேன். 69,025 ரிங்கிட் என்றிருந்தது. எனக்குத் திகைப்பாக இருந்தது. 108 தவணையில் 30 தவணை கட்டிவிட்டோம், மீதி 78. அசலை 108 பங்காக்கினால் இன்னும் 65,000 ரிங்கிட்தானே நிலுவை இருக்க வேண்டும்? 4,025 ரிங்கிட் எங்கிருந்து முளைத்தது?

இங்குதான் '78 விதி' என்ற ஒன்று வருகிறது. 2023-இல் நான் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் வகையில் எளிமையாகச் சொல்கிறேன்.

ஓராண்டுக் கடனுக்கு 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வரும். பெயர் வந்தது அதனால்தான். மொத்த வட்டியை 78 பங்காக்கி, முதல் மாதம் 12 பங்கு, இரண்டாம் மாதம் 11 பங்கு என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசி மாதம் 1 பங்கு எடுப்பார்கள். அதாவது, தொடக்கத்தில் நாம் கட்டும் தவணையில் வட்டி மிகுதி; அசல் குறைவு. என் கடனுக்கு 108 மாதம். 1 முதல் 108 வரை கூட்டினால் 5,886. மீதமுள்ள 78 மாதத்துக்கு, 1 முதல் 78 வரை கூட்டினால் 3,081. மொத்த வட்டி 20,250 ரிங்கிட். அதில் 5,886-க்கு 3,081 என்ற அளவில் கழிவு கிடைக்கும். ஏறக்குறைய 10,600 ரிங்கிட். மாதந்தோறும் வட்டி சமமாகப் பிரிந்திருந்தால் 14,625 ரிங்கிட் கழிவு கிடைத்திருக்கும். அந்த இடைவெளிதான் 4,025 ரிங்கிட்!

ஆக, பாதி வழியில் இறங்குகிறவருக்குத்தான் இந்த வழியில் இழப்பு மிகுதி.

அடுத்து, வண்டியின் மதிப்பு. ஒரு லட்சம் கொடுத்து வாங்கியதற்கு இரண்டரை ஆண்டில் ஏன் 48,000 ரிங்கிட்? அதற்கும் காரணம் விளங்கியது. 2025 அக்டோபரில் புரோட்டோன் நிறுவனம் 'இ.மாஸ் 5' என்ற மின் வண்டியின் தொடக்க மாதிரியை 60,000 ரிங்கிட்டுக்கும் குறைவாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிசம்பர் முதல் நாள் பெரோடுவா தன் 'கியூவி-இ' வண்டியை 80,000 ரிங்கிட்டுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் மின்கலம் மட்டும் தனி வாடகை, மாதம் 275 ரிங்கிட். புதியதே இவ்விலைக்குக் கிடைக்கும்போது என் பழைய வண்டியை யார் கூடுதல் விலைக்கு வாங்குவார்? அப்படியானால், இன்று நான் வாங்கும் புதிய மாதிரிக்கும் இன்னும் இரண்டரை ஆண்டில் இதே கதிதானே?

மறுநாள், பெயர் ஊர் எதுவும் சொல்லாமல், இதையே என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு கணக்காகக் கொடுத்தேன். "ஒருவரிடம் ஒரு வண்டி இருக்கிறது. மாதம் 1,021 ரிங்கிட் கட்டுகிறார். அதே தவணைக்குப் புதிய வண்டி கிடைக்கிறது. ஆனால், மாதம் 320 ரிங்கிட் இன்னொரு கடன் வரும். அவர் மாற்றலாமா?"

31 மாணவர்களில் 24 பேர் 'மாற்றலாம்' என்று கை தூக்கினர்! ஏன் என்று கேட்டேன். "தவணை அதேதானே, டீச்சர்! 320 வெள்ளிதானே கூட!" என்றாள் ஒரு மாணவி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் காட்சிக்கூடத்தில் நினைத்ததும் இதே சொற்கள்தாம். நம் வீடுகளில் கைப்பேசி முதல் சோபா வரை 'மாதம் எவ்வளவு' என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? பிள்ளைகளும் அதைத்தானே கேட்டு வளர்கிறார்கள்?

"சரி, எத்தனை மாதம் என்று யாராவது கேட்டீர்களா?" என்றேன். அமைதி. பிறகு விவரத்தைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னேன்.

பழைய வண்டியை வைத்துக்கொண்டால் இன்னும் 78 மாதம்: ஏறக்குறைய 79,600 ரிங்கிட்.

மாற்றினால் 108 மாதம்: ஏறக்குறைய 110,250 ரிங்கிட். அதோடு 84 மாதம் 320 ரிங்கிட் வீதம் 26,880 ரிங்கிட். மொத்தம் ஏறக்குறைய 137,100 ரிங்கிட்.

வேறுபாடு 57,500 ரிங்கிட்!

விடையைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே வாய் பிளந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "அப்புறம் ஏன் டீச்சர், அந்தக் கடைக்காரர் பெருக்கிக் காட்டல?"

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. ஏனென்றால், அந்தக் கடைக்காரருக்குப் பெருக்கல் கற்றுக் கொடுத்தவளே நான்தான்! கேட்ட கணக்குக்குச் சரியான விடை எழுதக் கற்றுக் கொடுத்தேன். கேட்கப்படாத கேள்வியைக் கேட்கக் கற்றுக் கொடுத்தேனா? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், 'மாணவன் வாழ்க்கையோடு பாடத்தை இணையுங்கள்' என்று எங்கள் விரிவுரையாளர் ஓயாமல் சொல்வார். நான் ஆரஞ்சுப் பழமும் பென்சிலும் வாங்கும் கணக்குகளோடு நிறுத்திக்கொண்டேன் போலும்.

அன்றிரவு இன்னொரு கணக்கும் போட்டேன். நாங்கள் ஆண்டுக்கு ஆறு முறை தைப்பிங் போய்வருகிறோம். போக, வர 12 பயணம். ஒரு பயணத்துக்கு மின்னேற்ற 40 நிமிடம் என்றால், ஆண்டுக்கு எட்டு மணி நேரம். ஒன்பது ஆண்டுக்கு 72 மணி நேரம். அதை மிச்சப்படுத்த 57,500 ரிங்கிட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 800 ரிங்கிட்! புதிய வண்டி இரண்டரை ஆண்டு இளையதாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால், எங்கள் வண்டியின் மின்கலத்துக்கே எட்டாண்டு உத்தரவாதம் இருக்கிறது. மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. மாதம் 320 ரிங்கிட் என்பது அவளுடைய விடுதிச் செலவு.

இத்தனை கணக்குக்கும் மேலே ஓர் உண்மை இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று.

அந்த ஆகஸ்டு இரவில் எங்களைத் தாமதப்படுத்தியது மின்கலத்தின் அளவன்று. அதற்கு முந்திய இரண்டு இரவுகளும் நான் வண்டிக்கு மின்னேற்றவில்லை. தேர்வுத்தாள் திருத்திவிட்டுக் களைப்பில் படுத்துவிட்டேன். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், பள்ளிக்குப் போய்வரப் போதும்' என்று விட்டுவிட்டேன். முழு மின்னேற்றத்தோடு கிளம்பியிருந்தால் ஈப்போவில் ஒரே ஒரு முறை நின்று, நள்ளிரவு ஒரு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்போம். 'பாப்பா வந்துட்டாளா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனால், இரண்டு மணி நேரம் முன்னதாக அவர் பக்கத்தில் இருந்திருப்பேன். என் அலட்சியத்துக்கு வண்டியின் மேல் பழி போட்டேன். அந்தப் பழியைத் தீர்த்துக்கொள்ள 57,500 ரிங்கிட் கொடுக்கத் துணிந்தேன்.

காட்சிக்கூடத்துக்கு நேரிலேயே போனேன். கணக்கெழுதிய தாளை மாணவரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். "கணக்கு சரியா இருக்கு, டீச்சர்" என்று சிரித்தார். பிறகு, "மாசத் தவணையைத்தான் முதல்ல சொல்லணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. யாரும் மொத்தம் கேக்கிறதில்லை" என்றார். அவர்மேல் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. அவர் தொழிலைச் செய்தார். "இனி யாராவது கேட்டால் மொத்தத்தையும் சொல்லப்பா" என்றேன். "கேட்டா கண்டிப்பா சொல்றேன், டீச்சர்" என்றார். அந்தக் 'கேட்டா'தான் என் காதில் நின்றது.

பாதியில் வண்டியை மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர், வண்டியில் தீராத கோளாறு உள்ளவர், குடும்பம் பெருத்தவர் ஆகியோருக்கு மாற்றுவது சரியாகவே இருக்கலாம். கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள்:

1. இன்று கடனைத் தீர்க்க எவ்வளவு வேண்டும்? (வங்கியிடம் எழுத்தில் பெறுங்கள். வட்டிக் கழிவை எம்முறையில் கணக்கிடுகிறார்கள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.)

2. பழைய வண்டிக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும்? (இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள்.)

3. பற்றாக்குறை எவ்வளவு? அதை எந்தக் காசில் கட்டப்போகிறோம்?

4. இப்போது மீதம் எத்தனை மாதம்? மாற்றினால் எத்தனை மாதம்? இரண்டையும் தவணையால் பெருக்கினால் என்ன வருகிறது?

டிசம்பர் விடுமுறையில் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய '555' குறிப்பேட்டைக் கொண்டு வந்தார். தோட்டத்தில் இருந்தபோது மளிகைக் கடைப் பற்று எழுத அப்பா வைத்திருந்த சின்ன ஏடு. என் அப்பா பால்மரம் வெட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோடு போட்டு, 'ஆக மொத்தம்' என்று கோணல் எழுத்தில் தொகையை எழுதியிருந்தார். ஒரு பக்கம்கூட விடுபடவில்லை.

வருவாய் சிறிதானாலும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்கிறார். அதைப் பொருளோடு ஒப்புவிக்க எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. ஆனால், அவர் பக்கத்துக்குப் பக்கம் கூட்டிப் பார்த்தார்.

இப்போது நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு வண்டிக்கு மின்னேற்றுகிறேன். மறந்தால் மகள் நினைவூட்டுகிறாள். ஆண்டுக்கு ஆறு முறை போன தைப்பிங்குக்கு இனி மாதம் ஒருமுறை போவதென்று முடிவெடுத்திருக்கிறோம். கட்டாத அந்த 320 ரிங்கிட் மகளின் பெயரில் சேமிப்புக்குப் போகிறது. வகுப்பிலும் இனி ஒவ்வொரு தவணைக் கணக்கின் அடியிலும் கோடு போட்டு, 'ஆக மொத்தம்' என்று எழுதினால்தான் முழு மதிப்பெண்!

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு தவணையை மாதங்களால் பெருக்கச் சொல்லிப் பாருங்கள். விடை வந்ததும் அவர்கள் முகத்தையும் பாருங்கள். உங்கள் முகத்தையும் பாருங்கள்.